சமைக்கத் தெரியாதவள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சமையலுக்கு அடுப்பு தேவையில்லை. ஒரு பென்சிலும் ஒரு அழிப்பானும் போதும். பியூரெட் என்ற அளவுக்குழாயில் பதினாறு மில்லி என்று கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் வரவேண்டிய விடைக்குப் பதினாறு ஒத்துவராது. உடனே பதினாறை அழித்துவிட்டு, விடைக்குத் தோதாக ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள். இதற்குப் பெயர்தான் ரீடிங்கைச் சமைப்பது. அரைவேக்காடாகச் சமைக்கிறவன் மாட்டிக்கொள்வான். பக்குவமாகச் சமைக்கிறவன் முதல் வகுப்பில் தேறிப் பிற்காலத்தில் எங்காவது மேலாளராக உட்கார்ந்து, தனக்குக் கீழே இருப்பவர்களைச் சமைக்கச் சொல்வான்.

என் அண்ணிக்குச் சமைக்கத் தெரியாது. வீட்டிலும் தெரியாது, ஆய்வுக்கூடத்திலும் தெரியாது.

வீட்டுச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கமானது. அவள் வடிக்கும் சோறு அடியில் கரியாகவும் நடுவில் கூழாகவும் மேலே அரிசியாகவும் இருக்கும். "ஒரே பானையில மூணு பருவம்" என்பார் என் அண்ணன். சொல்லிவிட்டு மூன்று பருவத்தையும் வழித்துச் சாப்பிடுவார். எதிர்த்துப் பேசுகிற தெம்பு அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஆய்வுக்கூடத்துச் சங்கதி கொஞ்சம் நீளம்.

அண்ணி குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஆய்வாளர் விடுப்பு எடுத்தால் இவளே தண்ணீரைச் சோதிப்பாள். ஆய்வாளர் மாதத்தில் பாதி நாள் விடுப்பு. கடைசியில் அந்த ஆள் வேலையை விட்டே போனபோது மேலாளர் இவளைக் கூப்பிட்டு, சான்றிதழோடு வந்தால் அந்த மேசை உனக்கு, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பேன், கழுவும் வேலைக்கும் இயந்திரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அண்ணி எங்கள் பயிற்சி நிலையத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். அங்கேதான் நான் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர். எழுத்துத் தேர்வெல்லாம் தேறிவிட்டாள். செய்முறைத் தேர்வு மட்டும் பாக்கி. அதற்கு இரண்டே வாய்ப்புதான் உண்டு. முதல் வாய்ப்பில் கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிக் கணக்கைக் கெடுத்துக்கொண்டாள். அது அவள் தப்பு. நான் வக்காலத்து வாங்க மாட்டேன், அன்றைக்கு வாங்கவும் இல்லை.

இது இரண்டாவது வாய்ப்பு. இதையும் விட்டால் கழுவும் வேலையும் போச்சு.

வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அஞ்சு தசமம். எதைக் கேட்டாலும் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் சொல்லுவார். எங்கள் பியூரெட்டில் ஒரு மில்லியைப் பத்தாகப் பிரித்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஐந்து தசமம் பேசுவது, துணியை முழங்கையால் அளந்துவிட்டு மிச்சத்தை மயிரிழைக் கணக்கில் சொல்வது போல. கால்குலேட்டருக்கு வெல்வெட்டில் உறை தைத்து வைத்திருந்தார். அதை உறையிலிருந்து எடுக்கும்போது முகத்தில் ஒரு பக்தி வரும். கரைசலை உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டைக் கையில் பிடித்து எத்தனை காலம் ஆயிற்றோ தெரியாது. உள்ளங்கை குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது.

"வேதியியல்னாலே துல்லியம் மேடம்" என்று என்னிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். நானும் ஒவ்வொரு முறையும், "அப்படிங்களா சார்" என்று கேட்டுக்கொள்வேன். முதல் முறை கேட்கிறவள் மாதிரி.

அன்றைய சோதனை இதுதான். மேசையில் மூன்று புட்டிகள். முதல் புட்டியில் ஆக்சாலிக் அமிலக் கரைசல். அதன் செறிவு மேலே எழுதி ஒட்டியிருக்கும். இரண்டாவதில் பெர்மாங்கனேட், கத்திரிக்காய்த் தோல் நிறத்தில். அதன் செறிவு தெரியாது. மூன்றாவதில் இரும்பு உப்புக் கரைசல். ஒரு லிட்டரில் எத்தனை கிராம் உப்பு இருக்கிறது என்பதுதான் கேள்வி. தெரிந்த முதல் ஆளை வைத்து இரண்டாவது ஆளை எடைபோட வேண்டும். இரண்டாவது ஆளை வைத்து மூன்றாவது ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். சம்பந்தியின் சம்பந்தியைப் பற்றி விசாரிக்கிற வேலை. முதல் ஆள் பொய் சொல்லிவிட்டால் கடைசி ஆள் வரைக்கும் பொய்தான்.

பெர்மாங்கனேட்டுக்கு ஒரு நல்ல குணம், தன் சாட்சியைத் தானே சொல்லிவிடும். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விழும். உள்ளே இரும்பு மிச்சம் இருக்கும்வரை விழுந்த நிறம் விழுந்த இடத்திலேயே காணாமல் போகும். இரும்பு தீர்ந்த பிறகு விழும் முதல் சொட்டு போகாமல் நின்று, குடுவை முழுவதும் லேசாக ரோஸ் நிறம் காட்டும். அங்கே குழாயை மூடிவிட்டு எத்தனை மில்லி என்று படிக்க வேண்டும். அந்த ஒரு சொட்டுக்காகத்தான் இத்தனை பாடும்.

கரைசல்களைத் தேர்வாளரே அன்று காலை தனியாக உட்கார்ந்து தயாரிக்க வேண்டும் என்பது விதி. நான் உள்ளே போகக் கூடாது. என் அண்ணி தேர்வு எழுதுவதால் அதில் எனக்கும் முழுச் சம்மதம். ஆனால் பொருள் எடுத்துக் கொடுக்க ஸ்டோர்காரர் போகலாம். அங்கேதான் ஓட்டை. ஸ்டோர்காரருக்குப் பந்திக்காரர் என்று பெயர். தேர்வாளர் இரும்பு உப்பை நிறுக்கும்போது தராசை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு தேர்வுக் கூடத்தில் வடிதாள் கொடுக்கிற சாக்கில் இலைக்கு இலை விடையைப் பரிமாறிவிட்டு வருவார். இதெல்லாம் ஊரறிந்த ரகசியம். போன நிர்வாகியிடம் சொன்னேன், இந்த நிர்வாகியிடமும் சொன்னேன். "தேர்ச்சி விகிதம் நல்லா இருக்கே மேடம்" என்றார்கள் இருவரும், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி.

ஆக்சாலிக் புட்டியில் செறிவு 0.14000 நார்மல் என்று ஒட்டியிருந்தார் அஞ்சு தசமம். வழக்கமாக அது 0.1 ஆக இருக்கும். புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ள எண்ணை மாற்றியிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

தேர்வு தொடங்கியது. அண்ணியோடு சேர்த்துப் பத்தொன்பது பேர். பந்திக்காரர் வடிதாளோடு கிளம்பினார். நான் கூடத்தின் கடைசியில், அமில அலமாரிப் பக்கம் நின்றிருந்தேன். அண்ணியின் மேசை அதற்கு முன்னால்தான்.

"அக்கா, முப்பத்தொண்ணு புள்ளி முப்பத்தாறு" என்றார் பந்திக்காரர், உதடு அசையாமல்.

"என்னது அது, பஸ் நம்பரா?"

"விடைக்கா."

"விடைய நீ குடுத்துட்டா இந்தப் புட்டியெல்லாம் எதுக்கு? அலங்காரத்துக்கா?"

"மெதுவாக்கா. போன தடவ பட்டது போதாதா?"

"பட்டேன். நானே ஊத்தி நானே பட்டேன். நீ ஊத்தி நான் படணுமா? போய்யா அந்தப் பக்கம்."

பந்திக்காரர் என்னைப் பார்த்தார். நான் அமிலப் புட்டியின் மூடியைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க ஒரு சங்கடம் பரவியது. நாற்காலிகள் இழுபட்டன, அழிப்பான்கள் வேலை செய்தன. அண்ணிக்குப் பக்கத்து மேசையில் ஒரு பையன். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில் வந்ததால் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். அவன் அண்ணி பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, உங்களுக்கு எவ்ளோ வருது?"

"நாப்பத்து மூணு சொச்சம்."

"எனக்கும் அதேதான் வந்துச்சு. மாத்திட்டேன்."

"எதை மாத்துன?"

"ரீடிங்கத்தான். பதினாறு மில்லிய பதினொண்ணு புள்ளி நாலுன்னு போட்டா டக்குனு முப்பத்தொண்ணு முப்பத்தாறு கிட்ட வந்துரும். நீங்களும் போடுங்க."

"பியூரெட்டு பதினாறுன்னுதானடா நிக்குது."

"பியூரெட்டா வந்து மார்க் போடப் போகுது?"

அண்ணி குடுவையைக் கழுவினாள். திரும்பச் செய்தாள். அதே பதினாறு. மறுபடியும் செய்தாள். அவள் கழுத்தில் வியர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது. போன முறை அமிலம் மாறிய மாதிரி இந்த முறையும் எதையோ மாற்றிவிட்டோமா என்ற பயம். அமிலப் புட்டியை எடுத்து மோந்து பார்த்தாள், மேலே எழுதியிருந்ததைப் படித்தாள், கீழே வைத்தாள். கந்தக அமிலம்தான். கடைசியில் 43.96 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டு போகிற ரகம் இல்லை அவள். யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தால்தான் அப்படிப் பார்க்காமல் போவாள்.

மதியம் அஞ்சு தசமம் எல்லோரையும் கூடத்துக்குள் அழைத்தார். மார்க்கைச் சபையில் வாசிப்பதில் அவருக்கு ஒரு சுகம்.

"பதினெட்டு பேர் பிரமாதம். இவ்ளோ துல்லியமான ஒரு குழுவ நான் பார்த்ததில்ல. முப்பத்தொண்ணு புள்ளி மூணு ஆறு பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம், அதுதான் சரியான விடை. எல்லாரும் அதுக்குப் பக்கத்துலயே நிக்கறீங்க. ஒருத்தர் மட்டும்..." வெல்வெட் உறையை உருவினார். "ஒருத்தருக்கு மட்டும் நாற்பது புள்ளி ஒண்ணு ஏழு எட்டு அஞ்சு ஏழு சதவீதம் பிழை. இது பிழை இல்ல, விபத்து."

கூடம் சிரித்தது. சமைத்தவர்கள் எல்லோரும் வயிறு நிறையச் சிரித்தார்கள்.

"அந்த விபத்து நான்தான்" என்றாள் அண்ணி. "மூணு தடவ செஞ்சேன் சார். மூணு தடவயும் அதேதான் வந்துச்சு."

"மூணு தடவ தப்பா செஞ்சிருக்கீங்க. உங்க வயசுல கை நடுங்கும். இதுக்கெல்லாம் சின்ன வயசுலயே வந்திருக்கணும்."

"சின்ன வயசுல குடுவை கழுவிட்டிருந்தேன். இப்பவும் கழுவுவேன், அதுல ஒண்ணும் குறைஞ்சு போகல. எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க."

"எங்கன்னு நான் தேடணுமா? தேறல, அவ்ளோதான்."

எனக்கு அந்த நாற்பது என்ற எண் காதில் நின்றுவிட்டது. கை நடுங்கினால் பிழை இரண்டோ மூன்றோ சதவீதம் வரும். அமிலம் மாறினால் தாறுமாறாக வரும். நாற்பது என்று அளந்து வைத்த மாதிரி வராது. அது கையின் பிழை இல்லை, தாளின் பிழை. எதையோ எதனாலோ வகுத்ததில்தான் அது வரும். அறுபத்து மூன்றை நாற்பத்தைந்தால் வகுத்துப் பாருங்கள், ஒன்று புள்ளி நான்கு வரும்.

ஆக்சாலிக் அமிலப் படிகம் பார்வைக்குச் சர்க்கரை மாதிரி காய்ந்து கிடக்கும். ஆனால் ஒவ்வொரு துகளும் தனக்குள்ளே தண்ணீரைக் கட்டிவைத்திருக்கும். கையில் ஒட்டாது, துணியை நனைக்காது, தராசில் மட்டும் கனக்கும். அந்தத் தண்ணீரையும் சேர்த்தால் அதன் சமான எடை, செறிவு காண நிறுத்ததை வகுக்கிற எண், அறுபத்து மூன்று. தண்ணீரை விட்டுவிட்டால் நாற்பத்தைந்து. இந்த மனிதரின் கை பழைய பழக்கத்தில் வழக்கம்போல் ஆறு புள்ளி மூன்று கிராமைச் சரியாக நிறுத்திருக்கிறது. தலை நாற்பத்தைந்தால் வகுத்திருக்கிறது. புட்டியில் இருப்பது உண்மையில் 0.1. ஒட்டியிருப்பது 0.14000. அந்த மூன்று பூஜ்யங்களை நினைத்தபோது எனக்கு வந்த சிரிப்பை அடக்க இருமிக்கொண்டேன்.

"சார், ஆக்சாலிக்க எதால வகுத்தீங்க?" என்றேன்.

"ஏன் மேடம்?"

"உள்ள இருக்கற தண்ணிய சேர்த்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கணம் ஏதோ ஓடியது. பிறகு மூடிக்கொண்டது.

"அவங்க உங்க அண்ணிதான?"

"ஆமா. என் அண்ணிங்கறதால படிகம் தண்ணிய விட்டுடுமா?"

"மேடம், ஒரு விஷயம் யோசிங்க. என் புட்டி தப்புன்னா எல்லாருக்கும் தப்பாதான வரணும்? பதினெட்டு பேருக்கு சரியா வந்திருக்கே. பதினெட்டு பேர் பொய் சொல்றாங்களா?"

பதினெட்டுப் பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். பந்திக்காரர் வடிதாள் கட்டை எண்ணத் தொடங்கினார். ஆமாம், பதினெட்டு பேரும் பொய்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஆதாரம் கேட்பார். பந்திக்காரர் சத்தியம் செய்வார். நிர்வாகி தேர்ச்சி விகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

அண்ணி அவ்வளவு யோசிக்கவில்லை. "நீங்களே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க சார்" என்றாள். "உங்க கைக்கு முப்பத்தொண்ணு வந்துச்சுன்னா நான் வாயத் திறக்காம போயிடறேன்."

எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டதும் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. கோட்டுக் கையை மடித்தார். "பெர்மாங்கனேட் எல்லாருக்கும் இருபது பக்கமா வந்திருக்கு, அதுல தகராறு இல்ல. இரும்ப மட்டும் செய்யறேன்." கால்குலேட்டரைத் தட்டினார். "பதினொண்ணு புள்ளி நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு மில்லில முடிவு வரணும். வரும்."

கூடம் நிறைய வேடிக்கை பார்க்கும் முகங்கள். அவர் பிப்பெட்டால் இரும்புக் கரைசலை எடுத்தார். எடுக்கும்போதே பாதியைச் சிந்தி, இரண்டாம் முறை எடுத்தார். அமிலம் சேர்த்தார். பியூரெட்டின் குழாயைத் திறந்தார். கத்திரிக்காய் நிறம் இறங்கியது, விழுந்தது, மறைந்தது. குடுவையை அவர் சுழற்றிய விதம் குழந்தைக்குக் கிலுகிலுப்பை காட்டுவது போல இருந்தது. பத்து மில்லி தாண்டியது. பதினொன்று. குடுவை தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. பதினொன்றரைக்குச் சற்று முன்பு டக்கென்று குழாயை மூடினார்.

"வந்துருச்சு" என்றார்.

குடுவையைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு நிறமும் இல்லை. வெள்ளைத் தாளை அடியில் வைத்தால் தாள்தான் தெரியும்.

"என்ன வந்துச்சு?" என்றாள் அண்ணி.

"ரோஸ். லேசா. பழகின கண்ணுக்குத்தான் தெரியும்."

நான் இத்தனை காலம் ஆய்வுக்கூடத்தில் நின்றிருக்கிறேன். ரீடிங்கைச் சமைத்துப் பார்த்திருக்கிறேன், விடையைச் சமைத்துப் பார்த்திருக்கிறேன். நிறத்தையே சமைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கேவலம். மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா சார், லேசா ரோஸ் தெரியுது" என்றான். அவனுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல், "தெரியுது சார்." மூன்றாவதாக ஒரு பெண், "இந்தப் பக்கத்துலருந்து பார்த்தா நல்லாவே தெரியுது." கொஞ்ச நேரத்தில் பதினெட்டுப் பேருக்கும் தெரிந்துவிட்டது. பந்திக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அட, ஆமா" என்றார். அவர்களுக்கு வேறு வழி இல்லை. பதினொன்று புள்ளி நான்கில் ரோஸ் தெரியவில்லை என்றால், தாங்கள் எழுதிக் கொடுத்த பதினொன்று புள்ளி நான்கு எங்கிருந்து வந்தது?

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு மட்டும்தான் தெரியலயா?"

"எனக்கும் தெரியல அண்ணி."

"அப்ப நம்ம குடும்பத்துக்கே கண்ணு அவிஞ்சு போச்சுன்னு வெச்சுக்குவோம்." அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். "சார், ரோஸ் வந்துருச்சுன்னா அடுத்த சொட்டுல இன்னும் கருக்கணும் இல்ல?"

"அது... ஆமா."

"ஒரே ஒரு சொட்டு விடுங்க. பார்த்துட்டுப் போயிடறேன்."

அவர் கை குழாய்ப் பக்கம் போகவில்லை. அண்ணி காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். சோறு அடிப்பிடிக்கும்வரை காத்திருக்கிறவள்தானே. கடைசியில் அவர் குழாயை லேசாகத் திருகினார். ஒரு சொட்டு விழுந்தது. கத்திரிக்காய் நிறம் ஒரு நூலாக இறங்கி, கலைந்து, காணாமல் போனது.

"போயிடுச்சே சார்."

மாப்பிள்ளை ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"இன்னொண்ணு விடுங்க."

அதுவும் போனது. அடுத்ததும் போனது. பிறகு அவர் குழாயை மூடாமல் விட்டுவிட்டார், கோபத்திலா களைப்பிலா தெரியாது. பன்னிரண்டு தாண்டியது. பதின்மூன்று. "இப்பவும் ரோஸ் தெரியுதா தம்பி?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டாள். அவன் கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பதினான்கு, பதினைந்து. பதினாறைத் தொட்டபோது விழுந்த சொட்டு போகவில்லை. அப்படியே நின்று விரிந்து, குடுவை முழுவதும் லேசாக, பழகாத கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, ரோஸாகிவிட்டது.

"பியூரெட் பழுது" என்றார் அஞ்சு தசமம்.

நான் ஸ்டோரிலிருந்து ஆக்சாலிக் அமில டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். பெயருக்குக் கீழே இருநீரேற்று, அதாவது உள்ளே தண்ணீர் சேர்ந்தது, என்று எழுதியிருந்தது. அவர் அதைப் படித்தார். படித்துவிட்டு டப்பாவைக் குறை சொன்னார்.

"இவ்ளோ பொடி எழுத்துல போட்டா யாருக்குத் தெரியும்?"

"ரோஸ் தெரிஞ்ச கண்ணுக்கு இது தெரியலயா சார்?" என்றாள் அண்ணி.

அவர் என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்தார். அண்ணி கேட்காமலே பின்னால் வந்து நின்றாள். அவர் குரல் இறங்கியிருந்தது. மரியாதையினால் இல்லை, பேரம் பேசுவதற்காக.

"மேடம், பெருசு பண்ண வேணாம். புட்டில ஒட்டியிருக்கறத இப்ப நான் திருத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். இவங்க எழுதின பதினொண்ணு புள்ளி நாலுக்கு விடை இருபத்திரண்டு சொச்சம்னு வரும். பதினெட்டு பேரும் போச்சு. உங்க நிலையத்துக்குத்தான் அசிங்கம். உங்க அண்ணிக்கு நான் கருணை மதிப்பெண் போட்டுடறேன். தேறிடுவாங்க. எல்லாருக்கும் நல்லது."

ஒரு பொய் லேபிளைக் காப்பாற்றினால் பத்தொன்பது பேர் தேறுவார்கள். உண்மையை ஒட்டினால் ஒருத்திதான் தேறுவாள். அவருடைய வாழ்க்கையிலேயே சரியாகப் போட்ட கணக்கு அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசை, வேலை, மேலாளர் போட்ட நிபந்தனை எல்லாம் அவள் தலைக்குள் ஓடியிருக்கும். தலையை மட்டும் ஆட்டினால் போதும். பின்னாலிருந்து மாப்பிள்ளை, "அக்கா, ஒத்துக்கங்கக்கா, எங்க வயித்துல அடிக்காதீங்க" என்றான்.

"உன் வயித்துல நான் அடிக்கலடா. நீதான் வேகாதத தின்ன" என்றாள் அவனிடம். பிறகு அவரிடம், "கருணைன்னு போட்டா, பிழைய மன்னிச்சதாத்தான சார் அர்த்தம்?"

"அப்படித்தான்."

"எந்தப் பிழைய?"

அவர் மடித்திருந்த கோட்டுக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு ஊரே குடிக்கற தண்ணிய நான் சோதிக்கணும். இவளுக்கு நாப்பது சதவீதம் தப்பு, போனா போகுதுன்னு விட்டோம்னு என் தாள்ல இருந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கையெழுத்துப் போடறது? எனக்குக் கருணை வேணாம். லேபிள மாத்துங்க. மாத்திட்டு என் கணக்க நீங்களே திரும்பப் போடுங்க."

"மாத்த முடியாதுன்னா?"

இது எனக்கான இடம் என்று தெரிந்தது. "மார்க் பட்டியல்ல தேர்வாளர் கையெழுத்துக்குக் கீழ பொறுப்பாளர் கையெழுத்தும் வேணும் சார்" என்றேன். "நான் போட மாட்டேன். ஏன் போடலன்னு யாராவது கேட்டா, அந்தக் குடுவைய அப்படியே தூக்கிட்டுப் போய்க் காட்டுவேன். அதுல ரோஸ் எல்லாருக்கும் தெரியும்."

அஞ்சு தசமம் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசைக்குப் போனார். ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் சுரண்டினார். அது முழுசாக வரவில்லை, நல்ல பசை. மேலேயே இன்னொன்றை ஒட்டி 0.10000 என்று எழுதினார். அந்த நிலையிலும் பூஜ்யங்களை விடவில்லை. வெல்வெட் உறையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து அண்ணியின் ரீடிங்குகளைப் போட்டார். 31.40 வந்தது.

"எவ்ளோ பிழை சார்?" என்றாள் அண்ணி. "சத்தமா சொல்லுங்க. அப்பயும் சத்தமாத்தான சொன்னீங்க."

"பூஜ்யம் புள்ளி ஒண்ணு ரெண்டு ஏழு அஞ்சு அஞ்சு" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

மற்ற பதினெட்டுப் பேருக்கும் மறுதேர்வு என்று முடிவாயிற்று. அவர்களைக் காட்டிக்கொடுக்க அவருக்குத் துணிவில்லை. காட்டிக்கொடுத்தால் அவரும் சேர்ந்து வெளியே வரவேண்டும். ஆகவே மறுதேர்வுக்கு ஒரு காரணம் எழுதினார்: தண்ணீர்க் கோளாறு. அந்த மனிதர் அன்றைக்கு யோசிக்காமல் எழுதிய உண்மை அது ஒன்றுதான். நிர்வாகி அதைப் படித்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீர்க் கருவியைப் பழுதுபார்க்க ஆள் அனுப்பினார். ஆள் வந்து பார்த்துவிட்டு, நன்றாக இருந்த கருவியின் ஒரு குழாயை உடைத்துவிட்டுப் போனான்.

மறுதேர்வில் நானே ஸ்டோருக்குள் உட்கார்ந்துகொண்டேன். பந்திக்காரருக்கு வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். பரிமாற ஒன்றும் இல்லாமல் அவர் கை துறுதுறுவென்றிருந்தது. பாதிப் பேர் தேறினார்கள். மாப்பிள்ளை தேறவில்லை. ரோஸ் எப்போது வந்தது என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லையாம். எப்படித் தெரியும்? அவன் கண்ணுக்குத்தான் பதினொன்று புள்ளி நான்கிலேயே தெரிந்துவிட்டதே.

அண்ணிக்கு மேசை கிடைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ வழி யோசித்தேன், ஒன்றும் செல்லுபடியாகவில்லை.

சோறு வழக்கம்போல் மூன்று பருவம். குழம்பு என்று ஒன்றை ஊற்றினாள். அண்ணன் ஒரு வாய் வைத்தார். முகம் அசையவில்லை. இத்தனை வருடப் பழக்கம்.

"எப்படி இருக்கு?" என்றாள் அண்ணி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

"நல்லாருக்கு" என்றார் அண்ணன்.

நானும் ஒரு வாய் வைத்தேன். உப்பு மட்டும் நாற்பது சதவீதம் கூடுதல், தண்ணீரைச் சேர்த்தும் சேர்க்காமலும். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு நாத்தனாரே."

"லேசா ரோஸ் தெரியுது அண்ணி" என்றேன்.

அவள் என் தட்டைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு, அண்ணன் முன்னாலிருந்த தட்டை இழுத்துத் தானே ஒரு வாய் தின்று பார்த்தாள்.

"இத்தன வருஷமா நல்லாருக்கு நல்லாருக்குன்னீங்களே" என்றாள் அவரிடம். "ரோஸ் தெரிஞ்சவங்க பதினெட்டு பேர் இல்ல, பத்தொன்பது."